ஊர் திரும்புகிறவர்களின் கணக்கு

மலாயாவில் வருமான வரி 1948-லேயே வந்துவிட்டது. ஆனாலும் மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் நாள்கூலி அந்த வரியின் வாசற்படியைத் தொடவில்லை. 1969 கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு பல்லாண்டு உழைத்தவர்களில் நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பியதாக வரலாறு சொல்கிறது. அவர்களை வழிமறித்து வரிக் கணக்குக் கேட்கவேண்டிய தேவை எந்த அரசுக்கும் இருக்கவில்லை.

அவர்கள் முடிக்கவேண்டிய கணக்கு வேறு. செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் நிலுவையுள்ள கூலி, மளிகைக் கடைப் பற்று, அப்புறம் ஊழியர் சேமநிதி. 1951-ல் தொடங்கிய அந்த நிதிக்குத் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு கட்டினார்கள். நாட்டை விட்டே போகிறவர் அதை எடுத்துக்கொள்ளலாம். படிவத்தைத் தோட்டத்து எழுத்தரான கிராணி நிரப்புவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பார். எழுதியிருந்த தொகை சரிதானா என்று அவரால் பார்க்க முடியாது. என் மனத்தை இன்றும் உறுத்துவது அதுதான். ஆயுள் முழுக்க உழைத்ததன் முடிவான கணக்கை அடுத்தவர் வாய்வழி கேட்டு நம்பவேண்டியிருந்தது. ஆனால் 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்ட பிறகு, அக்கரையிலிருந்து எந்தக் கடிதமும் அவரைத் தேடி வரவில்லை.

அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்புகளின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று மலாக்காவின் பத்து பிரெண்டாம் மின்னணுத் தொழிற்சாலைகளில் பொறியாளர்கள். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகளில் மலாக்காவுக்கே திரும்புகிறவர்களும் உண்டு. அவர்களுடைய கடைசி ஆண்டை அமெரிக்க வரித்துறை இரண்டாகப் பிரிக்கிறது. புறப்படும்வரை அங்கே குடியிருந்தவர், அதன்பின் அயலார். டிசம்பர் 31 அன்று அயலாராக இருந்தால் 1040-என்ஆர் படிவம் தாக்கல் செய்து, குடியிருந்த மாதங்களுக்கு 1040 படிவத்தை இணைக்கவேண்டும். அந்த ஆண்டுக்கு வழக்கமான நிலையான கழிவு கிடையாது. கிரீன் கார்டு வைத்திருந்தவர் ஊர் திரும்பியது மட்டும் போதாது. ஐ-407 படிவத்தில் அதை முறைப்படி ஒப்படைக்கும்வரை, அவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்கா கணக்குக் கேட்கும்.

பாட்டனுக்குக் கிடைக்காத பலவும் பேரனுக்குக் கிடைத்திருக்கின்றன. எண்களைத் தானே படிக்கிறான்; கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்கிறான். ஊர் திரும்பும் திறனாளருக்கான மலேசியத் திட்டத்தில் தகுதி பெற்றால், இங்கே ஐந்தாண்டுகளுக்கு வேலை வருமானத்துக்கு 15 விழுக்காடு என்ற ஒரே வரி. 1969-ல் போனவர்களை இரு கரையிலும் இப்படி வரவேற்றவர் இல்லை.

ஆனால் பேரனின் கணக்கு ஒரேயடியாக முடிவதில்லை. அமெரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் இடையே முழுமையான வருமான வரி ஒப்பந்தம் இல்லை. அங்கே 401(கே) ஓய்வுக்கால நிதியில் விட்டு வந்த பணத்தை 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக 10 விழுக்காடு கூடுதல் வரி. அயலாராகிவிட்டதால் வழக்கமாக 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். பிடித்தது அதிகமென்றால், மலாக்காவில் உட்கார்ந்து மறுபடியும் ஒரு 1040-என்ஆர் நிரப்பவேண்டும்.