கணினி விசிறியும் காதுக்கு அமைதியும்



ஆரணிப் பக்கத்திலிருந்து அரிசி வியாபாரத்துக்காக பெங்களூர் வந்து, லிங்கராஜபுரத்தில் குடியிருப்பவன் நான். பொறியியல் படித்தவன் அல்லன். கடை கட்டிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் கணக்கு எழுதவும், நாலு நூல் படித்துக் குறிப்பெடுக்கவும் எனக்கு நேரம். அடுத்த அறையில் என் தாயார், வயது 88. "என்னடா அது, மாவு மில்லு மாதிரி இரையுது? கண்ணு மூட முடியலையே" என்று ஒருநாள் அழாக்குறையாகச் சொன்னார்கள். அதன்பின் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

சென்னை வீடுகளில் மின்விசிறி ஓடும் சத்தத்தில் கணினிச் சத்தம் அடங்கிவிடும். இங்கே மார்கழி இரவில் யார் மின்விசிறி போடுகிறார்கள்? மேம்பாலத்துக்குக் கீழே ரயில் போய் ஊர் அடங்கியதும், கணினிப் பெட்டி ஒன்றுதான் கேட்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. அது தெருவுக்கு, வீட்டுக்குள் நமக்கு நாமே விதி.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். கணினி ஓடும்போதே பிராசஸர் மேலுள்ள விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். சற்று நேரத்தில் கணினி தானே அணைந்தது. அன்றைய கணக்கும் போயிற்று. சூடு மிஞ்சினால் பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும், அப்புறம் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். ஆகவே விசிறியை நிறுத்தக் கூடாது, நிதானப்படுத்த வேண்டும். அரிசி ஆலையில் உமி தூற்றும் காற்றும் அப்படித்தானே? மிஞ்சினால் அரிசியும் பறக்கும், குறைந்தால் உமி தங்கும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் அது தின்னும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அமைதியில் நிறைய லாபம். வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்!

செய்முறை இது:

1. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தூசியைத் துடையுங்கள். தூசி அடைத்தால் விசிறி வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

2. கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்தி பயாஸ் பக்கத்துக்குப் போங்கள். விசிறிக் கட்டுப்பாட்டில் 'சைலன்ட்' என்றிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சூட்டுக்கேற்ற வேகத்தை நீங்களே அமையுங்கள். நாலு ஒயர் விசிறியை நான்கு முனை இணைப்பில் செருகியிருந்தால் இது நன்றாக நடக்கும். மூன்று ஒயர் விசிறிக்கு 12 வோல்ட்டைக் குறைத்துத்தான் வேகத்தை இறக்க முடியும்.

3. அரைமணி நேரம் கடுமையாக வேலை வாங்கி, சூட்டைப் பாருங்கள். தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்புக்கு 15 டிகிரியாவது கீழே நிற்க வேண்டும். மார்கழியில் சரியான அளவு சித்திரையில் போதாமல் போகலாம். அப்போது மறுபடி பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடகட என்று சத்தம் வந்தால் அது காற்றின் சத்தம் அல்ல, தேய்ந்த பேரிங். விசிறியையே மாற்றுவதுதான் வழி. பெட்டியில் இடமிருந்தால் 80 மில்லிமீட்டருக்குப் பதில் 120 மில்லிமீட்டர் விசிறி போடலாம். பெரியது மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும்.

இதையெல்லாம் செய்த அன்றிரவு தாயார் கேட்டார்கள்: "இன்னிக்குப் பொட்டி போடலையாடா?"

"போட்டுத்தாம்மா இருக்கேன்" என்றேன். பதில் இல்லை. தூங்கிவிட்டிருந்தார்கள்.

வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருக்கும் அன்பர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்து பார்க்க வேண்டுகிறேன்.