ஈம்ஸ் இல்லம்

ஈம்ஸ் இல்லம் என்பது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் 1949-இல் கட்டி முடிக்கப்பட்ட வீடாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய நவீன வீட்டுக் கட்டடக்கலைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இதைத் தாம் வாழ்வதற்காகக் கட்டினர்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்காவில் வீடுகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. குறைந்த செலவில் நல்ல வீடு கட்டும் வழிகளைக் காட்ட, ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர் இதழ் 1945-இல் மாதிரி வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. அதில் இது எட்டாவது வீடு. சார்லசும் ஈரோ சாரினெனும் வரைந்த முதல் வரைபடத்தில் வீடு புல்வெளியின் மேல் பாலம்போல் நீண்டிருந்தது. எஃகு வந்துசேரத் தாமதமானது. அதற்குள் அப்புல்வெளி தம்பதியரைக் கவர்ந்துவிட்டதால், அதைக் காப்பதற்காக வீட்டை மேட்டின் ஓரத்துக்கு மாற்றினர்.

அமைப்பும் ஈர்ப்பும்

வீடும் பணிக்கூடமும் தனித்தனிக் கட்டடங்கள். இடையே முற்றம் உள்ளது. தொழிற்சாலைகளில் ஆயத்தமாகக் கிடைத்த எஃகுச் சட்டங்களும் சன்னல்களுமே பயன்படுத்தப்பட்டன. கண்ணாடிகளுக்கிடையே நீலம், சிவப்பு, கறுப்பு நிறப் பலகைகள் உள்ளன. சுமார் 17 அடி உயரக் கூடத்துக்கு யூக்கலிப்டஸ் மரங்களின் நிழலே அலங்காரம். எளிய கட்டடமாதலால், தம்பதியர் சேர்த்த கைவினைப் பொருட்களும் அன்றாட வாழ்வுமே அங்கு முதன்மை பெற்றன. இவ்வீடு 2006-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.