மரையில் ஏறினால் மட்டும் போதாது: சிறிய எஞ்சின்களுக்கு மாற்று பிளக் வாங்கும்போது...

களையெடுப்பு நேரத்தில் பவர் வீடர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது வழக்கம். அதே எண் இல்லாவிட்டால், ‘இதுவும் சேரும்ங்க’ என்று வேறொன்றைத் தருவார்கள். மரையில் ஏறிவிடும். அதனாலேயே அது சரியான பிளக் ஆகிவிடாது.

5.5 குதிரைத்திறன் பெட்ரோல் வீடர்கள் பலவற்றில் வருவது பி.பி.ஆர்.6இ.எஸ் என்ற என்.ஜி.கே பிளக். இதில் ‘பி’ என்ற முதல் எழுத்து 14 மி.மீ. மரையைக் குறிக்கும். ‘இ’ என்றால் மரை நீளம் 19 மி.மீ. டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் கருவிகளில் பரவலாக உள்ள பி.பி.எம்.ஆர்.7ஏ பிளக்குக்கும் மரை 14 மி.மீ.தான், நீளமோ வெறும் 9.5 மி.மீ. வீடர் பிளக்கை இதில் முறுக்கினால் முனை உள்ளே நீண்டு பிஸ்டனில் இடிக்கும். மாற்றிப் போட்டால், மிச்சமுள்ள மரையில் கரி படிந்து, பிறகு சரியான பிளக்கே ஏறாது. மீனவர்களின் சிறிய டூ ஸ்ட்ரோக் படகு எஞ்சின்கள் பலவற்றில் உள்ள பி7எச்.எஸ் இன்னொரு அளவு: 12.7 மி.மீ.

நடுவில் உள்ள எண் வெப்பத் தன்மையைச் சொல்வது. பலரும் ஏமாறுவது இங்கேதான். என்.ஜி.கே-யில் எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது. பாஷ், சாம்பியன் இரண்டிலும் நேர்மாறு. பி.பி.ஆர்.6இ.எஸ்-க்கு ஈடானவை பாஷில் டபிள்யூ.ஆர்.7டி.சி, சாம்பியனில் ஆர்.என்.9ஒய்.சி. ஆகவே எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் உள்ள ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் சூடான பிளக், உச்சி வெயிலில் முழு லோடில் ஓடும்போது பிஸ்டனையே ஓட்டையாக்கலாம். அதிகக் குளிர்ச்சியானது அந்த அளவு கெடுதல் செய்யாது. கரி பிடித்து ஸ்டார்ட்டிங் தொல்லை தரும், அவ்வளவுதான். பழைய பிளக்கில் ‘ஆர்’ எழுத்து இருந்தால் புதியதும் அதே ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கருவியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதில் மாட்டியிருப்பதே யாரோ போட்ட தவறான பிளக்காக இருக்கலாம். கையேட்டில் உள்ள எண்ணையே நம்ப வேண்டும். கையேடு தொலைந்திருந்தால், கருவியின் மாடல் எண்ணைச் சொல்லி டீலரிடம் கேட்டு, பெட்ரோல் டேங்கின் மேல் பெயின்டில் எழுதிவைக்கலாம்.

கழற்றிய பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். கறுத்திருந்தால் பிளக்கைக் குறை சொல்லும் முன் ஏர் ஃபில்டரையும், டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலவையையும் பாருங்கள். பாதி நேரம் செலவே இல்லாமல் முடியும் வேலை அது.

புதிய பிளக்கிலும் முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிபார்க்க வேண்டும். மேலே சொன்ன வீடர் வகைக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. எஞ்சின் ஆறிய பிறகு, சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, முதலில் கையாலேயே முறுக்குங்கள். வாஷர் பதிந்ததும், புது பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று. பழையதையே திரும்ப மாட்டினால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.