அமுக்கரா: நரம்புக்குத் துணை நிற்கும் கிழங்கு

அச்சமோ நெருக்கடியோ நேரும்போது, நம் விருப்பத்தைக் கேளாமலே இயங்கும் பரிவு நரம்பு மண்டலம் இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. அடுத்து, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியின் வழியாக, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, அவை கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. ஆபத்து விலகியதும் எதிர்ப்பரிவு நரம்புகள் உடலை அமைதிக்குத் திருப்ப வேண்டும். கடன் தொல்லை, இரவுப் பணி போன்ற ஓயாத நெருக்கடிகளில் அந்தத் திருப்பம் தடைப்பட்டு, உறக்கமும் பசியும் கெடுகின்றன.

இந்நிலைக்குச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் மூலிகைகளுள் முதன்மையானது, வடமொழியில் அசுவகந்தா எனப்படும் அமுக்கரா. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த இக்குறுஞ்செடியின் சிவந்த பழம், சொடக்குத் தக்காளியைப் போல மெல்லிய உறைக்குள் இருக்கும்; கிழங்கு என்று வழங்கப்படும் அதன் வேரே மருந்தாகிறது. வேரை உலர்த்தி இடித்துச் சலித்து, அந்தப் பொடியில் பசும்பால் விட்டுப் பிசறி, பாலும் நீரும் கலந்து கொதிக்கும் பாத்திரத்தின் வாயில் கட்டிய துணியின் மேல் பரப்பி ஆவியில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி இடிப்பார்கள். பிட்டவியல் எனப்படும் இந்தச் சுத்தி முறையைப் பார்த்தாலே, முன்னோர் இதனை விருப்பம்போல் அள்ளி உண்ணும் பண்டமாகக் கருதவில்லை என்பது விளங்கும்.

இக்காலத்து ஆய்வுகளும் ஓரளவு துணைநிற்கின்றன. 2012இல் இந்தியாவில் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தமுடைய 64 பேருள் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வேர்ச் சாரமும், மற்றவருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் 60 நாள் கொடுக்கப்பட, சாரம் உண்டோரிடம் அழுத்த உணர்வும் கார்ட்டிசால் அளவும் தெளிவாகக் குறைந்திருந்தன. வேரிலுள்ள விதனோலைடுகள் என்னும் வேதிப்பொருள்களே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இருப்பினும் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. ஆண்டுக்கணக்கில் உண்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்ட இயலாது.

பாலில் அவித்த சூரணமும், கரைப்பானால் பிரித்துச் செறிவூட்டிய மாத்திரையும் ஒன்றல்ல என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அசுவகந்தா மாத்திரை உண்ட சிலருக்கு மஞ்சள் காமாலையுடன் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் பதிவு செய்தனர். மருந்தை நிறுத்தியபின் அவர்கள் தேறினர். டென்மார்க் 2023இல் இம்மூலிகைக்குத் தடை விதித்தது. அது மிகையான முடிவாகத் தோன்றினும், அதன் பின்னுள்ள கவலையைப் புறந்தள்ள முடியாது.

கருவுற்ற பெண்களும், கல்லீரல் நோயுள்ளோரும் இதனைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது என்பதால் தைராய்டு நோயாளிகளும், மயக்கத்தை மிகுவிக்கும் என்பதால் தூக்க மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டச் சொல்லும் முன், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் நாடியைக் காட்டி, உண்டுவரும் மற்ற மருந்துகளையும் மறைக்காமல் சொல்லி, அளவையும் காலத்தையும் கேட்டறிந்து கொள்ளுங்கள்.