புதினா வேர்விடட்டும், கொசு வேண்டாம்

தேக்கா சந்தையில் வாங்கிய புதினாவின் இலைகளை ஆய்ந்துவிட்டுத் தண்டுகளை எறிந்துவிடுகிறீர்களா? அவற்றிலிருந்தே புதிய செடி வளர்க்கலாம். விரல் நீளமுள்ள, வாடாத நான்கைந்து தண்டுகளை எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். வேர் பெரும்பாலும் கணுவிலிருந்துதான் வரும். ஆகவே ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்கட்டும். போத்தலைச் சன்னலோரம், கடும் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் வெள்ளை வேர் தெரியும். ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக மாறவும் ஏறக்குறைய ஒரு வாரமே போதும். புதினா வாசனைக்குக் கொசு அண்டாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 2020ல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. மூத்தோருக்கும் நீரிழிவு போன்ற நோய் உள்ளோருக்கும் அது கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

எனவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றுங்கள். குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்பினால் போதாது. ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். போத்தலின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், வேர்களையும் அலசுங்கள். ஊருக்குப் புறப்படும் முன் போத்தலைக் காலிசெய்துவிடுங்கள்.

கற்பூரவல்லிக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒரு கிளையை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். கறிவேப்பிலை அப்படியல்ல; கடையில் வாங்கிய கொத்து வேர்பிடிப்பது அரிது. தெரிந்தவர் வீட்டுச் செடியின் பக்கக்கன்றை வேரோடு கேட்டு வாங்கி நடுங்கள்.

தொட்டிக்கு மாற்றிய பிறகு அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள். மண் இறுகினால் கிளறிவிடுங்கள். குனிவது சிரமமென்றால், அசையாத மேசைமீது தொட்டியை வைக்கலாம். வீவக நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விடுங்கள். சுவர் விளிம்பில் தொட்டி வைக்கவே வேண்டாம். விழுந்தால் கீழே செல்வோரின் உயிருக்கு ஆபத்து.

திடீர்க் காய்ச்சலுடன் கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைச் சாப்பிடாதீர்கள். டெங்கியில் அவை இரத்தக்கசிவை அதிகரிக்கலாம். இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.