ஒரு வகுப்பறை போதும்: பள்ளியில் மேடைத்தொழில் வகுப்பைத் தொடங்குவது எப்படி?

மதியம்வரை அது சாப்பாட்டுக்கூடம். மேசைகளை மடித்து ஓரமாகத் தள்ளியதும் அதுவே அரங்கம். அமெரிக்கப் பள்ளிகளில் இப்படிப்பட்ட கூடத்துக்குக் 'கஃபெட்டோரியம்' என்று தனிப் பெயரே உண்டு. கஃபெட்டீரியாவும் ஆடிட்டோரியமும் ஒட்டிப் பிறந்த சொல் அது. மேடை இருக்கும், ஆனால் பக்கவாட்டில் ஒதுங்க இடம் இருக்காது. செய்த பொருளை வைக்க அறை இருக்காது. மரம் அறுக்கப் பட்டறை இருக்காது. அப்படிப்பட்ட பள்ளியில் 'டெக்னிகல் தியேட்டர்' வகுப்பைத் தொடங்கச் சொன்னால், ஆசிரியர் முதலில் கேட்பது "எங்கே வைத்து நடத்துவது?" என்றுதான்.

ஒரு சாதாரண வகுப்பறையிலேயே நடத்தலாம். எப்படி என்று பார்ப்போம். வகுப்பைத் தொடங்கும் ஆசிரியருக்கு மட்டுமல்லாமல், பிள்ளை இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறதே, இதில் என்னதான் சொல்லித்தருவார்கள் என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

இது என்ன பாடம்?

நாடகத்தில் நடிப்பைத் தவிர மற்ற எல்லாமே இதற்குள் வரும்: அரங்க அமைப்பு, தச்சு, வண்ணம், ஒளி, ஒலி, உடை, ஒப்பனை, கைப்பொருள்கள், இவை அனைத்தையும் ஒருங்கிணைக்கும் மேடை நிர்வாகம். அமெரிக்காவில் 9 முதல் 12ஆம் வகுப்புவரை உள்ள உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இது விருப்பப் பாடம். டெக்சஸ் மாநிலத்தின் பாடத்திட்டத்தில் இதற்கு 4 நிலைகள் உண்டு.

மேடையில் நிற்கக் கூச்சப்படும் பிள்ளை இங்கே தனக்கென ஒரு வேலையைக் கண்டுகொள்கிறது. கணக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்ட பிள்ளை, சட்டம் கால் அங்குலம் குட்டையாகிப் பலகை பொருந்தாமல் நிற்கும்போது பதிலைத் தானே தெரிந்துகொள்கிறது.

முதல் வேலை: அளப்பது

புதிய வகுப்பின் முதல் வாரத்தில் எதையும் வாங்க வேண்டாம். பிள்ளைகளின் கையில் அளவு டேப்பைக் கொடுங்கள். வகுப்பறை, கூடம், மேடை, அலமாரி, கதவு எல்லாவற்றையும் அளந்து தாளில் வரையச் சொல்லுங்கள். கதவின் அகலத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். அறைக்குள் செய்த பொருள் கதவு வழியே வெளியே போகாவிட்டால் உழைப்பெல்லாம் வீண். மின் இணைப்புகள் எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன, அவசர வழிகள் எவை என்பதும் அந்தப் படத்தில் இருக்கட்டும்.

பள்ளிக்குள் ஏற்கெனவே இருப்பவற்றையும் பட்டியல் போடுங்கள். மரவேலை ஆசிரியரிடம் ரம்பம் இருக்கலாம். இசை வகுப்பில் ஒலிபெருக்கி இருக்கலாம். ஓவிய வகுப்பில் தூரிகைகள் இருக்கலாம். இடம் இல்லாத வகுப்பு பிழைப்பது இரவலாலும் நல்லுறவாலும்தான். இரவல் வாங்கிய பொருளை வாங்கியதைவிடச் சுத்தமாகத் திருப்பித் தரும் பழக்கமும் பாடத்தின் பகுதியே.

அளவைச் சுருக்குங்கள், பாடத்தைச் சுருக்காதீர்கள்

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். 30 அடி அகலமும் 20 அடி ஆழமும் கொண்ட மேடையை அரை அங்குலம் ஓர் அடி என்ற அளவில் செய்தால் 15 அங்குலம், 10 அங்குலம் ஆகிவிடும். ஒரு மேசையில் இரண்டு மாதிரிகளை வைக்கலாம். கால் அங்குல அளவு என்றால் இன்னும் பாதி. அட்டை, பசை, கத்தரிக்கோல், உலோக அளவுகோல் போதும். மேடை அமைப்பாளர்கள் இன்றும் முதலில் இப்படி ஒரு மாதிரியைச் செய்து காட்டிவிட்டுத்தான் மரத்தைத் தொடுகிறார்கள். ஆகவே இதை விளையாட்டுப் பொருளாக நினைக்க வேண்டாம்.

மாதிரியில் ஓர் ஆள் உருவத்தை வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். 6 அடி மனிதன் அரை அங்குல அளவில் 3 அங்குலம். அவன் நின்ற பிறகுதான் கதவு குட்டை என்பதும், படி அளவுக்கு மீறி உயரம் என்பதும் பிள்ளையின் கண்ணுக்குப் படும்.

தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் அருமையான ஒரு பயிற்சி காத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைத் தெளிவாகச் சொல்கிறது: நீளம் 8 கோல், அகலம் 7 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல், மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல், வாயில்கள் 2. ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அளவு. மூன்று வகைத் திரைகளையும், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததையும்கூட அந்தக் காதை குறிப்பிடுகிறது. ஒரு கோலுக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அந்த அரங்கம் ஒரு நோட்டுப் புத்தகத்தின்மேல் அடங்கிவிடும்.

முழு அளவை உணர்த்த வேண்டிய நாளில் பிள்ளைகளை வாகன நிறுத்தத்துக்கோ விளையாட்டுக்கூடத்துக்கோ அழைத்துப் போங்கள். வரைபடத்தில் உள்ள சுவர், கதவு, நாற்காலி எல்லாவற்றையும் சாக்பீஸாலோ வண்ண டேப்பாலோ தரையில் முழு அளவில் குறிக்கட்டும். அதற்குள் நடந்து பார்க்கட்டும். ஒரு மணி நேரத்தில் இடம் என்றால் என்னவென்று கால்களுக்கே புரிந்துவிடும்.

தட்டி செய்யும்போது

மேடையில் சுவர்போல நிற்கும் தட்டியை 'ஃபிளாட்' என்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. 'பிராட்வே' வகையில் சட்டங்கள் படுக்கைவாட்டில் கிடக்கும். மூலைகளை மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டுகளால் இணைத்து, முன்பக்கம் துணியை இழுத்து ஒட்டுவார்கள். 'ஹாலிவுட்' வகையில் சட்டங்கள் விளிம்பில் நிற்கும். முன்பக்கம் மெல்லிய பலகை வரும்.

இட நெருக்கடி உள்ள பள்ளிக்கு இந்த வேறுபாடு முக்கியம். கடையில் '1க்கு 3' என்று விற்கும் சட்டத்தின் உண்மையான அளவு முக்கால் அங்குலமும் இரண்டரை அங்குலமும்தான். அந்தச் சட்டத்தில் செய்த பிராட்வே தட்டி ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமன். கால் அங்குலப் பலகை அடித்த ஹாலிவுட் தட்டியோ இரண்டே முக்கால் அங்குலம். 10 தட்டிகளை அடுக்கினால் முதல் வகை 10 அங்குலத்தில் முடிந்துவிடும். இரண்டாவது 27 அங்குலத்தைத் தாண்டும். ஹாலிவுட் தட்டி உறுதியானது, செய்யவும் எளிது. ஆனால் அலமாரிக்குப் பின்னால் ஒரு முழ இடம்தான் உண்டு என்றால் பிராட்வே தட்டியே உங்களுக்கு ஏற்றது.

கற்றுக்கொடுக்க முழு உயரத் தட்டி தேவையில்லை. 4 அடிக்கு 8 அடி ஒட்டுப்பலகை ஒன்றிலிருந்து 2 அடிக்கு 4 அடித் தட்டிகள் நான்குக்குப் பலகை கிடைக்கும். மூலையைச் சதுரமாக வைப்பது, ஆணி பிடிப்பது, திருகு முடுக்குவது எல்லாம் சின்னத் தட்டியிலும் ஒன்றுதான். வண்ணம் தீட்டும் பயிற்சிக்கு 2 அடிச் சதுரம் போதும். அதில் ஒவ்வொரு பிள்ளையும் செங்கல், கருங்கல், மர வரி, பழைய சுண்ணாம்புச் சுவர் என நான்கு தோற்றங்களை மாறி மாறித் தீட்டலாம். முடிந்ததும் வெள்ளை பூசினால் அடுத்த ஆண்டுக்கும் அதே பலகைதான்.

டார்ச் விளக்கில் ஒளிப் பாடம்

யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியைக் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் ஒரு முறையை நூலாக எழுதினார். மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்பக்கத்தின் இரு பக்கங்களிலிருந்தும் 45 பாகைக் கோணத்தில் இரண்டு விளக்குகள். ஒன்று இளஞ்சூட்டு நிறம், மற்றது குளிர்ந்த நிறம். முகத்தின் ஒரு பக்கம் வெயில்பட்டதுபோலவும் மறுபக்கம் நிழல் தங்கியதுபோலவும் தெரியும். முகம் தட்டையாகத் தோன்றாது.

இதைக் கற்பிக்க அட்டைப்பெட்டி ஒன்று, சின்னப் பொம்மை ஒன்று, டார்ச் விளக்குகள் இரண்டு, ஆரஞ்சு மற்றும் நீல நிறக் கண்ணாடித்தாள்கள் போதும். ஒளி முன்னாலிருந்து, மேலிருந்து, பின்னாலிருந்து, கீழிருந்து வரும்போது பொம்மையின் முகம் எப்படி மாறுகிறது என்று பிள்ளைகள் படம் எடுத்து ஒப்பிடட்டும்.

உண்மையான விளக்கு வாங்கும்போது மின்சாரக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட். 15 ஆம்பியர் சுற்றில் 1,800 வாட் வரும். தொடர்ந்து எரியும் சாதனங்களுக்கு அதில் 80 விழுக்காட்டை, அதாவது 1,440 வாட்டைத் தாண்டக் கூடாது. பழைய வகை மேடை விளக்கில் 575 வாட் பல்பு இருந்தால் அந்தச் சுற்று இரண்டையே தாங்கும். எல்இடி விளக்குகள் இதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிகின்றன. நிறத்தையும் தாமே மாற்றுகின்றன. இட நெருக்கடியும் பழைய மின்கம்பிகளும் உள்ள பள்ளிக்கு நான்கு எல்இடி விளக்குகள் நல்ல தொடக்கம்.

இந்த விளக்குகளை இயக்கும் கட்டளை மொழி 'டிஎம்எக்ஸ் 512'. 1986இல் உருவானது. ஒரு தடத்தில் 512 எண்கள். ஒரு விளக்குக்குச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என 4 எண்கள் தேவைப்பட்டால் ஒரே தடத்தில் 128 விளக்குகளை ஆளலாம். இந்தக் கணக்கைக் கரும்பலகையிலேயே கற்பித்துவிட முடியும்.

இடமே கேட்காத பாடங்கள்

ஒலிப் பாடத்துக்கு ஒரு கணினி போதும். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் ஒலியைப் பதிவு செய்யலாம், வெட்டலாம், ஒட்டலாம். மெல்லிய தகரத் தகட்டை உலுக்கினால் இடி. தட்டில் உலர்ந்த பட்டாணியை உருட்டினால் மழை. இப்படிக் கையால் ஒலி எழுப்பிப் பதிவு செய்யும் பிள்ளைக்குக் காது கூர்மையாகும்.

மேடை நிர்வாகத்துக்கு ஒரு கோப்பும் பென்சிலும் போதும். நாடகப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே யார் எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எப்போது ஒலி வருகிறது என்று குறிக்கக் கற்றுக்கொடுங்கள். நிர்வாகி முதலில் "ஸ்டாண்ட்பை" என்பார். பணியாளர் அதைத் திருப்பிச் சொல்வார். "கோ" என்றதும் செய்வார். ஒத்திகையில் வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் அது காதில் விழுந்த நொடியில் எங்கோ ஒரு விளக்கு மாறிவிடும். அறை விளக்கின் சுவிட்ச், ஒரு கைப்பேசிப் பாடல், ஒரு கதவு ஆகிய மூன்றை வைத்தே வகுப்பில் இதைப் பயிற்சி செய்யலாம்.

பாதுகாப்பில் சுருக்கம் கூடாது

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்குவாய் அரங்கில் ஒரு விளக்கிலிருந்து தெறித்த பொறி திரைத்துணியைப் பற்றியது. தீத்தடுப்புத் திரை முழுதும் இறங்காமல் சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகளை மக்களால் திறக்க முடியவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் வாரத்திலேயே இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். சின்ன இடத்தில் பொருள்கள் வழியை அடைப்பது எளிது. வழியிலும் கதவருகிலும் எதையும் வைக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது.

மற்ற விதிகளும் எளியவை. மூடிய காலணி, கண் கவசம், முடிந்த தலைமுடி. மின்கருவி ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு. தேறாத பிள்ளை அதைத் தொடக் கூடாது. வகுப்பறைக்குள் மரம் அறுக்க வேண்டாம், தூசி எல்லோர் மூச்சிலும் போகும். அறுப்பதை ஆசிரியரின் பார்வையில் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கடையிலேயே வெட்டி வாங்குங்கள். கருவிகள் பூட்டுள்ள ஒரே தள்ளுவண்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் பலகையில் வரைந்து மாட்டினால், வகுப்பு முடியும்போது காணாமல்போனது உடனே தெரியும்.

ஒரு பருவத்துக்கு ஒரு திட்டம்

18 வாரப் பருவத்தை இப்படிப் பிரிக்கலாம்: அளவும் பாதுகாப்பும் 3 வாரம், மாதிரி அரங்கம் 3, தட்டியும் வண்ணமும் 4, ஒளி 3, ஒலியும் மேடை நிர்வாகமும் 2, கடைசி 3 வாரங்களில் ஒரு சிறு நிகழ்ச்சி. 24 பிள்ளைகள் இருந்தால் நான்கு நான்கு பேராக 6 குழுக்களாக்குங்கள். எல்லோரும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்தால் அறை போதாது. ஒரு குழு வண்ணம் தீட்டும்போது இன்னொரு குழு வரையட்டும், மற்றொன்று ஒலி பதியட்டும். சுற்று முறையில் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடும்.

முதல் நிகழ்ச்சிக்கு அரங்கப் பொருள் அதிகம் கேட்காத நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள். தார்ன்டன் வைல்டரின் 'அவர் டவுன்' 1938இல் புலிட்சர் பரிசு பெற்றது. வெறும் மேடையில் சில மேசைகள், நாற்காலிகள், ஏணிகளை வைத்தே ஓர் ஊரைக் காட்டும்படி எழுதப்பட்டது அது. அத்தகைய நாடகத்தில் ஒளியும் ஒலியும் செய்யும் வேலை பார்வையாளருக்கு நன்றாகத் தெரியும். முழு நாடகம் வேண்டாம், ஒரு காட்சியே போதும்.

பள்ளி நிர்வாகத்திடம் பெரிய அறை கேட்பதற்கு முன்னால் இந்த ஒரு பருவத்தை நடத்திக் காட்டுங்கள். பிள்ளைகள் செய்த மாதிரிகளைப் பெற்றோர் வரும் நாளில் மேசையில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அதைச் செய்த பிள்ளையே நின்று அளவுகளை விளக்கட்டும். இடம் கேட்டு நீங்கள் எழுதும் விண்ணப்பத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேறு இல்லை. அறை கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளைக்கே அளவு டேப்பை எடுத்துக்கொடுத்து வகுப்பைத் தொடங்கிவிடுங்கள்.