100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் மாடியில் வீடியோ ‘சுத்துதா’? கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்!

புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தில் இருந்து வில்லியனூர் சாலையில் போனால், ரெட்டியார்பாளையம் தாண்டி வருவது மூலக்குளம். இங்கே ஒரு மாடி வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். இணைப்பு கொடுக்க வருபவர் கம்பத்தில் இருந்து ஒயரை இழுப்பார். அது எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறதோ, அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். பெரும்பாலும் அது முன் ஹால்தான். லேப்டாப்பும் கையுமாக வேலை பார்க்கும் ஆளோ, மாடியில் பின்பக்க ரூமில். ஆபீஸ் மீட்டிங்கில் முகம் அப்படியே உறைந்து நிற்கும். "100 பத்தல, 200 போட்டுடலாம்" என்று உடனே முடிவெடுப்போம். அது பல நேரம் தண்டச் செலவு.

ஏன் என்று கேட்டால், நெட்ஃபிளிக்ஸே 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. வீட்டில் மூணு டிவியில் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் 45தான் வருகிறது. (எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, பைட் இல்லை. 8-ஆல் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோடு நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் போகாது. இதைப் பார்த்துவிட்டு 'ஏமாத்திட்டாங்க' என்று கஸ்டமர் கேருக்குப் போன் போடாதீர்கள்.)

அப்போ கோளாறு எங்கே? கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை இருக்கிறது. லேப்டாப்பை லேன் ஒயரில் நேராகப் பெட்டியில் செருகி ஸ்பீடு டெஸ்ட் பாருங்கள். பிறகு மாடி ரூமில் வைஃபையில் பாருங்கள். கீழே 95, மேலே 12 என்று வந்தால், கம்பெனி தர வேண்டியதைத் தந்துவிட்டது. வழியில் தொலைத்தது உங்கள் வீடு.

தொலைகிற இடம் பெரும்பாலும் கான்கிரீட் தளம். கான்கிரீட்டும் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வலையும் சேர்ந்து ரேடியோ அலைக்குப் பெரிய தடை. வைஃபை முக்கியமாக இரண்டு அலைவரிசையில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்து வீடு, எதிர்வீடு, ப்ளூடூத் எல்லாம் அதே சந்தில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அகலமான சாலை. 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. வேகம் அதிகம்; ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும்.

அதனால் முதல் வேலை, பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்தும் ஷோகேஸுக்குள்ளிருந்தும் வெளியே எடுப்பது. மாடிப்படி திரும்பும் இடம் நல்ல இடம். படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை மேலே ஏறிவிடும். ஃபைபர் ஒயரை நீட்ட வேண்டியிருந்தால் இணைப்புக்காரரையே கூப்பிடுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடித்தால் உடையும்.

அதுவும் போதவில்லை என்றால் பலரும் வாங்குவது ரிப்பீட்டர். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில்தான் கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். என்னைக் கேட்டால், கேட் 6 லேன் ஒயர் ஒன்றை மாடிவரை இழுத்து, அங்கே சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை மாட்டுவதே உருப்படியான வழி. அதன் அமைப்பில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, ஐபி முகவரியைக் கீழே உள்ள பெட்டியோடு மோதாமல் மாற்றி, லேன் துளையில் ஒயரைச் செருக வேண்டும். அவ்வளவுதான். புது வீடு கட்டுகிறவர்கள், சுவரில் கரண்ட் பைப் புதைக்கும்போதே இதற்கும் தனியாக ஒரு பைப் போடச் சொல்லிவிடுங்கள். பூச்சு வேலை முடிந்தபின் யோசித்தால், சுவரை உடைக்க வேண்டும். இல்லை, ஒயர் வெளியே தொங்கும்.

டிவி விஷயத்தில் இன்னொரு குழப்பம். போனில் 'காஸ்ட்' பட்டனைத் தொட்டால் படம் போனில் இருந்து போகிறது என்று நினைக்கிறோம். இல்லை. யூடியூபில் போன் வெறும் ரிமோட்தான். படத்தை டிவியே இணையத்தில் இருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் நடுவில் போன் வந்தாலும் பாட்டு நிற்பதில்லை. 'ஸ்கிரீன் மிரரிங்' வேறு. அதில் போன் திரை முழுவதும் நொடிக்கு நொடி வைஃபையில் டிவிக்குப் போகிறது. சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலும் படம் திக்கும், போன் பேட்டரியும் கரையும். ஆப்பில் காஸ்ட் வசதி இருக்கும்போது மிரரிங் பக்கம் போகவே வேண்டாம்.

லேப்டாப்பில் கிடக்கும் அக்கா கல்யாண வீடியோவை ஹாலில் போட இன்டர்நெட்டே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். விண்டோஸ் லேப்டாப்பில் 'மீடியா ஸ்ட்ரீமிங்' அமைப்பை இயக்கினால், டிஎல்என்ஏ வசதி உள்ள டிவியின் பட்டியலில் உங்கள் லேப்டாப் பெயர் வந்து நிற்கும். பிளான் முடிந்துபோன அன்றைக்கும் ஓடும்.

கரண்ட் போனால்தான் ஓடாது. ஃபைபருக்குள் வெளிச்சம் வந்துகொண்டிருந்தாலும், அதைப் பிடித்து வைஃபையாக மாற்றும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டுமே. பல பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை; அதற்கென்றே கையடக்கமான மினி யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.